கருவி பாதி, வீடு பாதி



நான் எழுத்தாளன் அல்லன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானமையால், அவர் உழைத்த இரயில்வேயிலேயே எனக்கும் ஓர் எழுத்தர் வேலை கிடைத்தது. பயணிகளின் பெயரையும் வயதையும் தட்டிப் பழகிய கை, இன்று கட்டுரை எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு.

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவர் பேரனுக்கு இரண்டரை வயது ஆகிறதாம். இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லையாம். “வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். இரண்டுக்கும் நடுவே குழந்தை திகைக்கிறது, தம்பி. தானே சரியாகிவிடும்” என்றார். அதைக் கேட்டு என் உள்ளம் துணுக்குற்றது. ஏனெனில், ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் மகளைப் பற்றி நானும் இதே சொற்களைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. ஒன்றரை வயதில் அவள் பேசாதபோது, “உன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தார்” என்று என் தாயார் தேறுதல் கூறினார். இரண்டு வயதில் பேசாதபோது, மொழிக் குழப்பம் என்று நானே முடிவு கட்டினேன். கதவு தட்டினால் திரும்பிப் பார்க்கிறாளே, காது கேட்கத்தானே செய்கிறது என்று எண்ணினேன். அவள் திரும்பியது ஓசையால் அன்று, கதவின் அதிர்வால் என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. என் மனைவிக்கு மட்டும் ஐயம் இருந்தது. சமையலறையில் பித்தளைத் தவலை கைதவறி விழுந்த ஒரு நாள், அருகில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை தலை நிமிரவே இல்லை. அன்று அவள் அழுத அழுகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பின்னரும் ஆறு மாதம் வீணாயிற்று.

மகளுக்கு மூன்று வயது நிறைந்தபின், இந்நகரில் ஆக்குளத்தில் உள்ள ‘நிஷ்’ என்னும் தேசியப் பேச்சு கேட்டல் நிறுவனத்துக்குச் சென்றோம். 1997-ஆம் ஆண்டு கேரள அரசின் ஆதரவில் தோன்றிய நிலையம் அது. செவிப்புலன் குன்றிய சிறு குழந்தைகளுக்கான தொடக்கப் பயிற்சி முதல், காது கேளாத இளைஞர்கள் கணிப்பொறி இயலிலும் நுண்கலையிலும் பட்டம் பெறும் வகுப்புகள் வரை அங்கே நடைபெறுகின்றன. குழந்தையை உறங்க வைத்து, தலையில் சிறு தகடுகளை ஒட்டி, ஓசைக்குச் செவிநரம்பு தரும் மறுமொழியை அளந்தார்கள். குழந்தை வாய் திறந்து விடை சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மூன்று வயது வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. பிறந்த சில நாட்களிலேயே செவியைச் சோதிக்கும் கருவிகள் இன்று உண்டு. முதல் மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் குறை எதுவென்று உறுதி செய்தல், ஆறாம் மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் மருத்துவர் வகுத்துள்ள முறை. நாங்களோ மூன்றாம் ஆண்டில் போய் நின்றோம்.

இரு செவிகளிலும் ஏறத்தாழ 75 டெசிபல் குறை என்றார்கள். நாம் வீட்டில் இயல்பாகப் பேசும் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் அளவே. ஆகவே, மூன்று ஆண்டுகள் நாங்கள் பேசியதில் ஒரு சொல்லும் அவள் செவிக்குள் முழுமையாகச் சென்று சேரவில்லை. அவள் எங்ஙனம் பேசுவாள்?

செவிக்கருவி பொருத்தினார்கள். கட்டைவிரல் அளவே உள்ள அதனுள் ஒலிவாங்கி ஒன்று, ஒலியைப் பெருக்கும் சில்லு ஒன்று, பெருக்கிய ஒலியைக் காதினுள் விடும் ஒலிபெருக்கி ஒன்று. இவற்றின் வரலாறு வியப்பானது. தொலைபேசிக்கு 1876-இல் உரிமை பெற்ற கிரகாம் பெல் காது கேளாதோர்க்கு ஆசிரியராக விளங்கியவர். அவருடைய தாயும் மனைவியும் செவிப்புலன் குன்றியோர். 1947-இல் அவர் பெயர் தாங்கிய ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது; பின்னர், செவிக்கருவி செய்வோரிடம் உரிமைத் தொகை வாங்குவதில்லை என்று அவர் நினைவாக முடிவு செய்தார்கள். மார்பில் பெட்டியாகத் தொங்கிய கருவி காதின் பின்னே ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சுருங்கியது அதன் பின்னரே.

கருவி வந்துவிட்டது, கவலை தீர்ந்தது என்று நான் எண்ணினேன். இங்கேதான் என் இரண்டாவது பிழை நிகழ்ந்தது. இக்கட்டுரையை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

கற்றறிந்தவர் என்று நாங்கள் மதித்த ஒருவர், “கேளாத குழந்தைக்கு இரண்டு மொழி ஆகாது. இந்த ஊரில் வாழப்போகிறவள், வீட்டிலும் மலையாளமே பேசுங்கள்” என்று அறிவுரை கூறினார். அதை வேதவாக்காகக் கொண்டேன். என் மனைவி திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். அவள் அறிந்த மலையாளம் மீன்காரியிடமும் பால்காரரிடமும் பேசவே போதும். குழந்தையைக் கொஞ்சவும் கதை சொல்லவும் அதட்டவும் அம்மொழியில் அவளுக்கு வராது. பிழையாகப் பேசிக் குழந்தையைக் கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சி, அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். குளிப்பாட்டும்போது பேச்சில்லை, சோறூட்டும்போது பேச்சில்லை. மகளின் காதில் விலையுயர்ந்த கருவி இருந்தது. அது கேட்பதற்கு வீட்டில் குக்கரின் சீழ்க்கையும் மின்விசிறியின் இரைச்சலும் மட்டுமே இருந்தன. இப்படி ஏழு மாதங்கள் கழிந்தன.

பயிற்சியளித்த ஆசிரியை மலையாளப் பெண்மணி. குழந்தை கற்ற சொற்களைக் குறிக்கும் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, “வீட்டில் இவளோடு யார் பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். என் மனைவி தலை குனிந்தாள். செய்தியை நான் சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. “உங்களுக்குச் சிரிக்கவும் சண்டை போடவும் எந்த மொழி வருகிறதோ, அந்த மொழியில் பேசுங்கள், அம்மா. இரண்டு மொழியால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு நின்றதில்லை. பேச்சே இல்லாமற் போவதுதான் கேடு. மலையாளத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்” என்றார்.

அன்று பேருந்தில் கரமனைக்குத் திரும்பும்போதே என் மனைவி தொடங்கிவிட்டாள். ஆறு, பாலம், தென்னை, ஆட்டோ, குடை என்று கண்ணிற்பட்ட அனைத்தையும் மகளின் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஏழு மாத அடைப்பு உடைந்த வெள்ளம் அது.

அதன்பின் நாள்தோறும் காலையில் எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு நடைபெறுகிறது. டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்த ஆறொலிச் சோதனை அது. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளுள் மனிதப் பேச்சின் தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை அடங்கிவிடும். உதட்டைப் பார்த்து ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, என் மனைவி சுளகை முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஒலியாக எழுப்புவாள். ஒலி கேட்டவுடன் மகள் ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடுவாள். கிண்ணத்தில் ஆறு கொட்டை விழுந்தால் கருவி நலம். ‘ஸ்’ விழவில்லையெனில், மின்கலம் தளர்ந்திருக்கும், அல்லது குழாயில் வியர்வை நீர் கோத்திருக்கும். இந்நகரின் ஈரக்காற்று கருவிக்குப் பகை. ஆதலால் இரவில் அதை ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட டப்பியில் வைத்து மூட வேண்டும். கருவி ‘கீ’ என்று கூவினால், குழந்தையின் காது வளர்ந்து அச்சு தளர்ந்துவிட்டது என்று பொருள். புது அச்சு எடுக்க வேண்டும். இவற்றுள் ஒன்றுக்கும் பெரும்படிப்புத் தேவையில்லை. சுளகும் புளியங்கொட்டையும் எந்தத் தமிழ் வீட்டில் இல்லை?

மகள் தெளிவாகச் சொன்ன முதற் சொல் ‘அம்மா’ என்று நீங்கள் நினைப்பீர்கள். அன்று. ஒரு நாள் இரவு, தோசையை வைத்துக்கொண்டு என் மனைவி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மகள் கையை உயர்த்தி, “போதும்” என்றாள். தோசையைச் சொன்னாளோ, பேச்சைச் சொன்னாளோ, இன்றுவரை தெரியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்தோம், பிறகு அழுதோம்.

பள்ளியில் வேறொரு சிக்கல் எழுந்தது. செவிக்கருவி ஆசிரியர் குரலை மட்டும் பெருக்குவதில்லை. நாற்காலி இழுக்கும் ஓசையையும் நாற்பது பிள்ளைகளின் சலசலப்பையும் சேர்த்தே பெருக்குகிறது. இது எனக்கு எளிதில் விளங்கியது. சீட்டு வழங்கும் சாளரத்தில் கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர் பேசுவது, நிலையத்து இரைச்சலில் என் காதுக்கு எட்டாது. ‘மதுரை’ என்றாரோ ‘மருதூர்’ என்றாரோ என்று திகைப்பேன். அவர் வாயருகே ஓர் ஒலிவாங்கி வைத்தவுடன் அத்தொல்லை தீர்ந்தது. வகுப்பறைக்கும் அதே மருந்துதான். ஆசிரியர் கழுத்தில் அணியும் சிறு ஒலிவாங்கி, அவர் குரலை வானொலி அலைகளாக நேரே மகளின் கருவிக்கு அனுப்புகிறது. ஆசிரியர் எங்கு நின்றாலும் காதருகே நின்று பேசுவது போன்றே கேட்கும். ஒரு நாள் ஆசிரியை அதை நிறுத்த மறந்து ஆசிரியர் அறைக்குப் போய்விட்டார். தேர்வு தள்ளிப்போன செய்தி, வகுப்பிலேயே முதலாவதாக என் மகளுக்குத் தெரிந்துவிட்டது!

ஆனால் எல்லா ஆசிரியரும் அப்படி அல்லர். ஒருவர் அதைக் கழுத்தில் மாட்ட மறுத்தார். அவர் பாடத்தில் மட்டும் அவள் மதிப்பெண் குறைந்தது. நான் சென்று, இரண்டு நிமிடம் என் மகளின் கருவியை அவரே கேட்கும்படி வேண்டினேன். இரைச்சலைக் கேட்டபின் அவர் மறுக்கவில்லை. பணம் இல்லாதவர்க்கும் வழி உண்டு: பிள்ளையை முன்வரிசையில் அமர்த்துதல், ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் முகம் காட்டிப் பேசுதல், நாற்காலிக் கால்களுக்கு இரப்பர் மாட்டுதல், முக்கியச் செய்தியை எழுதிப் போடுதல். ‘பணம்’, ‘மணம்’ என்னும் இரண்டும் உதட்டில் ஒன்று போலவே தோன்றும். எழுதினால்தான் வேறுபாடு தெரியும்.

கருவியால் பயன் பெறாத செவிகளும் உண்டு. அத்தகைய குழந்தைகளுள் தகுதியானவர்க்கு உட்செவியில் கருவி பொருத்தும் அறுவைக்கு, ‘ஸ்ருதிதரங்கம்’ என்னும் கேரள அரசுத் திட்டம் 2012 முதல் உதவி வருகிறது. ஏழைகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் நடுவணரசின் திட்டம் 1981-இல் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவு குறையுடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. சைகைமொழியைத் தாழ்வாக எண்ணுவோரும் நம்முள் உளர். அதுவும் இலக்கணம் உடைய மொழியே. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிளாரன்சு சுவெயின்சன் அம்மையார் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிய மண்ணிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். நமக்கு இதில் நாணம் எதற்கு?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, செவிக்குறைக்கு உதவி வேண்டுவோர் உலகில் ஏறத்தாழ 43 கோடி. அவருள் 3 கோடியே 40 லட்சம் பேர் குழந்தைகள். ஆகவே இது ஒரு வீட்டின் இழிவன்று, ஊழ்வினையும் அன்று.

என் மகள் இன்று தமிழில் வாதாடுகிறாள், மலையாளத்தில் விளையாடுகிறாள். ‘ழ’கரம் இன்னும் முழுமையாக வரவில்லை. சொற்றொடரில் தடுமாற்றம் உண்டு. இழந்த மூன்று ஆண்டுகளையும் ஏழு மாதங்களையும் எந்தக் கருவியும் திருப்பித் தரவில்லை. அந்தக் கணக்கு என் பெயரில் நிற்கிறது.

அயலூரில் வாழும் நாம், பிள்ளை பேசத் தாமதித்தால் மொழியின்மேல் பழி போட எளிதாக இருக்கிறது. முதலில் செவியைச் சோதியுங்கள். குறை இருந்தால் கருவி வாங்குங்கள். வாங்கிய பின், உங்கள் மொழியில் ஓயாமல் பேசுங்கள்.

சாலைப் பெரியவரிடம் இவற்றை எல்லாம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பேரனுக்குச் செவி நன்றாகவே இருக்கலாம், இருந்தால் மகிழ்ச்சி. வருகிற செவ்வாய்க்கிழமை ஆக்குளத்துக்குப் போகிறோம். துணைக்குச் செல்ல நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.