கொழும்பின் கூரைகளும் வானத்துச் செய்மதியும்

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடற்கரையை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் மாலை வேளையில் நடந்து செல்பவர், ஒரு கணம் நின்று தலையை நிமிர்த்திப் பார்ப்பாராக. தொடர்மாடி வீடுகளின் மொட்டை மாடிகளிலும் பலகணிகளிலும் வட்டத் தட்டங்கள் பல, ஏந்திய கைகளைப் போல அண்ணாந்து நிற்பதைக் காண்பார். கீழே புகைவண்டி கடலோரமாக இரைந்து செல்லும். காகங்கள் அத்தட்டங்களின் விளிம்பிலிருந்து எழுந்து மீண்டும் அமரும்.

லண்டனில் உற்றாரைப் பார்த்து மீண்டவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருக்கக் கூடும். அங்கே இத்தட்டங்கள் அயல்வீட்டுக் கூரையை எட்டிப் பார்ப்பன போலத் தென்திசையில் தாழ நோக்கும். இங்கேயோ உச்சியை நோக்கி நிமிர்ந்திருக்கும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் உள்ளது. லண்டனோ 51 பாகைக்கும் அப்பால் இருக்கிறது. தட்டங்கள் தேடும் பொருள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே உள்ளது.

அப்பொருளுக்கு நாம் இட்ட பெயர் செய்மதி. மனிதன் செய்த மதி! தமிழகத்தார் செயற்கைக்கோள் என்பர். அதுவும் நல்ல சொல்லே. ஆயினும் நமக்கு நமது சொல்லே இனிக்கின்றது.

இச்செய்மதி விழாமலும் நகராமலும் நிற்பது எங்ஙனம் என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்மையில் அது நிற்பதேயில்லை. வினாடிக்கு 3 கிலோமீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோயிலில் ஒருவர் உள்வீதியையும் மற்றொருவர் வெளிவீதியையும் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். வெளிவீதியார் சற்று விரைந்து நடந்து, இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பாராயின், ஒருவருக்கு ஒருவர் எப்பொழுதும் நேரெதிரிலேயே தோன்றுவர். பூமி உள்வீதி சுற்றுகிறது. செய்மதி வெளிவீதி சுற்றுகிறது. இந்த ஒற்றுமை எந்த உயரத்திலும் வாய்த்துவிடாது. சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் பறக்கும் கலம் ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவிடும். ஏறக்குறைய 3,84,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சந்திரனுக்கு 27 நாட்கள் வேண்டும். இடையே 35,786 கிலோமீற்றர் உயரத்திலேதான் ஒரு சுற்று பூமியின் ஒரு சுழற்சியோடு ஒத்துப்போகிறது.

அவ்வுயரத்திலிருந்து செய்மதி செய்யும் தொழில் அஞ்சல் ஓட்டமே. பூமியிலிருந்து புறப்பட்ட வானொலி அலை அதனிடம் சேரும்போது கிசுகிசுப்பினும் மெலிந்திருக்கும். அதைப் பெற்று, வலுவூட்டி, அலைவரிசையை மாற்றித் திருப்பி அனுப்புகிறது. அலைவரிசையை மாற்றுவது ஏன்? மாற்றாவிடில் தன் சொந்தக் குரலின் ஆரவாரத்திலேயே வந்த கிசுகிசுப்பு அமிழ்ந்து போய்விடும். இப்படிப் பெற்றுத் திருப்பும் கருவிகள் ஒரு செய்மதியில் பல உண்டு. தொலைக்காட்சி நிறுவனங்களும் தொலைபேசி நிறுவனங்களும் கடைத்தெருவில் அறைகளை வாடகைக்கு எடுப்பது போல அவற்றை எடுத்துக்கொள்கின்றன. ஏறக்குறைய 15 ஆண்டுகளில், தன் இடம் பிசகாமல் நிற்க வேண்டிய எரிபொருள் தீரும் தறுவாயில், செய்மதியை இன்னும் மேலே தள்ளி ஓய்வு கொடுத்துவிடுவர்.

கொழும்பின் அடைமழையில் தொலைக்காட்சிப் படம் சிதறுவதைக் கண்டு நிறுவனத்தாரை வைவோர் பலர். பாவம், பிழை மழையுடையது. சிறு தட்டங்களுக்கு வரும் அலைகள் மிகக் குறுகியவை; பெருந்துளிகள் அவற்றை விழுங்கிவிடுகின்றன.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்பவர் வழியிலே கறுவாத்தோட்டத்தில் சற்றுத் தங்கலாம். அங்கே பார்ன்ஸ் பிளேஸ் என்னும் அமைதியான வீதியில் ஆதர் சி. கிளார்க் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1945 அக்டோபரில், இங்கிலாந்தில் வெளியான 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில், மூன்று செய்மதிகளை மேற்சொன்ன உயரத்தில் நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று எழுதியவர் அவரே. வெற்றிடக் குழாய்கள் பழுதானால் மாற்றுவதற்கு அங்கே ஆட்களும் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார்! காப்புரிமை எதுவும் அவர் பெறவில்லை. 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். 1965 ஏப்ரல் 6ஆம் நாள் வணிகத்துக்கென்றே அமைந்த 'ஏர்லி பேர்ட்' செய்மதி வானேறி, 240 தொலைபேசி உரையாடல்களை அத்திலாந்திக்கின் குறுக்கே சுமந்தது.

1975இல் அமெரிக்கச் செய்மதி ஒன்றின் வழியாக இந்தியா தன் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டத் தொடங்கியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கிளார்க்கின் வீட்டிலும் ஒரு பெருந்தட்டத்தை அமைத்துக் கொடுத்தனர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியது 1979இலே. அதுவரை ஒளிபரப்பே இல்லாத நாட்டில், தாம் முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியதைத் தம் வீட்டிலேயே கண்டு மகிழும் பேறு அவருக்குக் கிட்டியது. 2008 மார்ச்சில் அவர் கொழும்பிலேயே காலமானார்.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். சாந்த லூசியாஸ் பேராலயத்தின் பெருங்குவிமாடத்தைக் கடந்து துறைமுகத்துப் பக்கம் பார்த்தால், கப்பல்களின் உச்சியில் வெண்ணிறக் குமிழ்கள் தெரியும். அவற்றினுள்ளும் தட்டங்களே இருக்கின்றன. கப்பல் அலையில் ஆடினாலும் தட்டம் மட்டும் செய்மதியை விட்டுப் பார்வையை எடுக்காதபடி பொறிகள் அதைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

இவ்வூரை நினைக்கும்போதெல்லாம் ஓர் ஆச்சியின் முகம் என் கண்முன் வரும். 1991ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இல்லை. லண்டனிலுள்ள மகனின் குரலைக் கேட்பதற்காகவே நீரேரி கடந்து, வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். குறித்த நாளில் வெள்ளவத்தையிலிருந்த தொலைபேசிக் கடை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றவன் நான். 'கொமியூனிக்கேஷன்' என்று சனங்கள் அழைத்த அக்கடைகளிலே பெற்றோர் வாங்கு நிறையக் காத்திருந்த காலம் அது.

கண்ணாடிக் கூண்டை விட்டு வெளியே வந்த ஆச்சியின் முகம் வாடியிருந்தது. "தம்பி, 'எப்பவடா வருவாய்?' எண்டு கேட்டனான். கொஞ்சம் பேசாமல் நிண்டுதான் 'வருவன் அம்மா' எண்டவன். முந்தி அப்பிடித் தயங்கிற பிள்ளையில்லை" என்றார். எனக்கும் அன்று விடை தெரியவில்லை.

பின்னர் படித்தறிந்தேன். கடலடிக் கம்பி ஒன்று அப்போதே இருந்ததாயினும், அழைப்புகள் பல பாதுக்கையிலுள்ள நில நிலையத்துக்குப் போய், அங்கிருந்து இந்து சமுத்திரத்துக்கு மேலுள்ள செய்மதிக்கு ஏறி, இங்கிலாந்தில் இறங்கின. ஏறவும் இறங்கவும் 72,000 கிலோமீற்றருக்கு மேல். ஒளியின் வேகத்தில் சென்றாலும் கால் வினாடி பிடிக்கும். விடை திரும்பி வர மற்றுமொரு கால் வினாடி. ஆச்சி கேட்ட மௌனம் வானத்தினுடையது.

இன்று பேச்சில் பெரும்பகுதி கடலடி ஒளியிழைகளில் செல்கிறது, அத்தாமதம் இல்லை. 2025 ஜூலையில் இலங்கையில் சேவை தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதிகளும் ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்திலேயே பறப்பதால் தாமதம் உணரத்தக்கதன்று. அவை ஓரிடத்தில் நில்லாமல் ஓடுவதால், ஆயிரக்கணக்கில் வேண்டியிருக்கின்றன.

படித்த வாரத்திலேயே கொட்டாஞ்சேனைக்குப் போய் ஆச்சியிடம் கணக்கைச் சொன்னேன். ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திக் கேட்டார். "அப்ப அவன் யோசிச்சுக்கொண்டு நிக்கேல்லையோ?"

"இல்லை ஆச்சி. அவர் உடனேதான் சொல்லியிருப்பார்."

முகம் மலர்ந்தது. சற்று நேரம் சென்றது. மீண்டும் வாடியது.

"தம்பி, அவனும் என்னை 'சுகமாய் இருக்கிறியளோ அம்மா?' எண்டு கேட்டவன். நான் உடன 'ஓம்' எண்டுதான் சொன்னனான். அதுவும் அவனுக்குப் பிந்தித்தானே கேட்டிருக்கும்?"