திண்டிவனம் டு விழுப்புரம்: லேடீஸ் ஸ்பெஷல்!

திண்டிவனம் என்றதும் சென்னைக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் நிற்கும், டீ குடிக்கலாம், பாண்டிக்கும் திருவண்ணாமலைக்கும் ரோடு பிரியும். அவ்வளவுதான்! ஆனால், காலை எட்டு மணிக்கு அங்கே இறங்கிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ்... பஸ் ஸ்டாண்ட் முழுக்க காலேஜ் பைகள். அவற்றைச் சுமப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்!

ஊருக்குள் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, மேல்பாக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி தாண்டினால் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, எம்.ஜி.ஆர். அரசு மகளிர் கல்லூரி, காகுப்பத்தில் இன்னொரு பொறியியல் கல்லூரி. நாற்பது கிலோமீட்டர் ரோட்டில் இத்தனை கேட்!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அப்போதைய பெரிய விழுப்புரம் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 80, பெண்கள் 63தான். அந்தக் கணக்கில் விடுபட்ட அம்மாக்களின் மகள்கள்தான் இன்று இந்த பஸ்களில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதுப் பெண்களில் நூற்றுக்கு சுமார் 47 பேர் உயர்கல்வியில். ஆண்களைவிட ஒரு மயிரிழை அதிகம்!

அப்போ சமத்துவம் வந்தாச்சா? அவசரப்படாதீங்க. அதே ஆண்டு இந்தியா முழுக்க பி.டெக். படித்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு 29 பேர்தான். கேட் திறந்தாச்சு, ஆனால் ஒர்க் ஷாப் கதவும் லேப் கதவும் இன்னும் பாதிதான் திறந்திருக்கு.

ஏன்? பக்கத்து சீட் இரண்டாமாண்டு மாணவி ஒரே மூச்சில் சொன்னாள்: "லேப் அஞ்சு மணிக்கு முடிஞ்சா பிரச்னை இல்லக்கா. ப்ராஜெக்ட்னு ஏழாச்சுன்னா எங்க ஊரு டவுன் பஸ் போயிடும். அப்பா பைக் எடுத்துட்டு வரணும். ரெண்டு தடவை வருவாரு. மூணாவது தடவை, 'இந்தப் படிப்பு தேவையா'ம்பாரு."

மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு இது புதுசில்லை. "கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாம்ல?" என்று கேட்காத சொந்தக்காரரே கிடையாது!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்த லலிதா, 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் சேர்ந்தார். 1943-ல் இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்களில் ஒருவரானார். அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர்.

கடல் தாண்டினாலும் கதை அதேதான். 1971-ல் நைரோபியில் முனைவர் பட்டம் வாங்கி, கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அந்த உயரம் தொட்ட முதல் பெண், கென்யாவின் வங்காரி மாத்தாய். 2004-ல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றவர். "இவ ஏன் ஸ்கூலுக்கு வரலை?" என்று அண்ணன் அம்மாவிடம் கேட்டதில்தான் அவர் படிப்பே ஆரம்பித்தது.

பேராசிரியர் அப்பாவும் கேள்வி கேட்கும் அண்ணனும் எல்லா வீட்டிலும் கிடைப்பார்களா? அந்த இடத்தைத்தான் சமூகம் நிரப்ப வேண்டும். 2021 மே மாதம் வந்த டவுன் பஸ் இலவசப் பயணமும், அரசுப் பள்ளி மாணவிகளுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் 'புதுமைப் பெண்' திட்டமும் கொஞ்சம் நிரப்பின. ஆனால், போகாத பஸ்ஸில் இலவச டிக்கெட் எதுக்கு?

விழுப்புரம் ஜங்ஷன் வந்தாச்சு. ரயில்வே ஊழியரின் மகன் வீரமுத்துவேல் படித்து வளர்ந்த ஊர். இங்கே மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர்தான் சந்திரயான்-3 திட்ட இயக்குநர். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் லேண்டர் இறங்கியபோது, அவருக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர் கல்பனா என்ற பெண் விஞ்ஞானி.

நிலா வரைக்கும் வழி கண்டுபிடித்த ஊர் பாஸ் இது. ராத்திரி ஏழரைக்கு கிராமத்துக்கு ஒரு டவுன் பஸ் விட வழி தெரியாதா என்ன?