பாட்டியின் காலண்டர்

பேத்தமங்களா பஸ் நிலையம், காலை எட்டரை. தங்கவயல் பஸ் இன்னும் வரவில்லை. சிமெண்ட் பெஞ்சில் ஒரு பாட்டி, மருமகள், நடுவில் ஏழெட்டு வயதுப் பையன். மருமகள் மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒவ்வாமைக்கான ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். பாட்டி கையில் சுருட்டிய மாதக் காலண்டர். டாக்டரிடம் காலண்டரோடு போகிறவர்களை நான் பார்த்ததில்லை. பேப்பர் படிக்கிற பாவனையில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

"நடிக்கிறான் அத்தே. ஞாயித்துக்கிழமைல மட்டும் வவுறு வலிக்க மாட்டேங்குதே, அது எப்படி?"

"ஞாயித்துக்கிழம இஸ்கோல்ல பால் ஊத்துறாங்களா?"

மருமகள் வாயைத் திறக்கவில்லை. பையன் பாட்டியின் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்து உட்கார்ந்தான்.

கர்நாடகப் பள்ளிகளில் 2013 முதல் க்ஷீரபாக்யா திட்டம் நடக்கிறது. பால்பவுடர் கரைத்த பால், பிள்ளைக்கு 150 மில்லி. நல்ல திட்டம்தான். ஆனால் இந்தக் கோலார் மாவட்டம் பால் சொசைட்டியை நம்பிப் பிழைக்கிற சீமை. பால் வேண்டாம் என்கிற பிள்ளைக்கு இங்கே அடம்பிடிக்கிறவன் என்றுதான் பெயர். காரணம் அடமாக இல்லாமலும் இருக்கலாம்: பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் என்ற நொதி பலருக்கு வளர வளரக் குறைந்துபோகிறது. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோதித்த தென்னிந்தியரில் மூன்றில் இரண்டு பேருக்குப் பால் சரியாகச் செரிக்கவில்லை. வட இந்தியரில் நாலில் ஒருவருக்குச் சற்று மேல். செரிக்காதது பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது, வலிக்கிறது, சிலருக்குப் பேதியாகிறது. எதிர்க் கடையில் பெரியவர் ஒருவர் பால் இல்லாத டீ கேட்டு வாங்கினார். அவருக்கும் இதே கோளாறாக இருக்கலாம். வெறும் ருசியாகவும் இருக்கலாம்.

பாட்டி காலண்டரை விரித்தாள். தேதிக் கட்டங்களில் பென்சில் கோடுகள். வலித்த நாளுக்குக் கோடு, வலிக்காத நாள் வெறுமை. தாத்தாவின் சுரங்க ஷிப்டுக்குக் கோடு போட்ட கையாம். தங்கவயல் தங்கச் சுரங்கம் 2001இல் மூடியது, பழக்கம் மூடவில்லை.

"லீவுல ரெண்டு வாரம் பாலே குடுக்கல. ஒரு கோடு இல்ல பாரு. அப்பறம் வெறும் வவுத்துல ஒரு டம்ளர் குடுத்தேன், அன்னிக்கே கடமுடா. மோருக்கு ஒண்ணும் ஆவல. தயிருக்கும் ஆவல."

நிறுத்திப் பார், மறுபடி கொடுத்துப் பார், ஒரு நேரத்தில் ஒரே பொருள். மருத்துவர்கள் சொல்கிற முறையும் இதுதான். உறை ஊற்றிய பாக்டீரியா பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. சாப்பிட்டபின் அரை டம்ளர் பாலும் ஒத்துக்கொள்ளலாம்.

மருமகள் ரிப்போர்ட்டை எடுத்தாள். "கோதும, முட்ட, வேர்க்கடல எல்லாத்துக்கும் பாசிட்டிவ் வந்திருக்குதே. நான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன்."

"அதான் புள்ள குச்சியாட்டம் ஆயிட்டான். முட்ட துன்ன அன்னிக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல."

என் தீர்ப்பு பாட்டி பக்கம். பெங்களூரு, மைசூரு பெரியவர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 26 பேரின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் இருந்தது. உண்மையில் ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணித்தது நூற்றுக்கு ஒருவருக்குத்தான். ரத்தம் பாசிட்டிவ் என்பதற்காக, தின்றால் ஒன்றும் செய்யாத உணவைப் பிள்ளையின் தட்டிலிருந்து எடுக்கக்கூடாது. லாக்டேஸ் குறைவோ அந்த ரிப்போர்ட்டில் தெரியவே தெரியாது. பால் குறைந்தால் சுண்ணாம்புச் சத்துக்கு இங்கே கேழ்வரகு இருக்கிறது. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல்.

பஸ் வந்தது. மருமகள் ரிப்போர்ட்டைப் பையில் திணித்துவிட்டு, காலண்டரைத் தானே வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

வயிற்று வலியோடு நிற்பதற்குத்தான் இந்தக் காலண்டர் வைத்தியம். தின்ற சற்று நேரத்தில் உதடு வீங்கினாலோ, உடம்பு தடித்தாலோ, மூச்சு இரைத்தாலோ அது வேறு சங்கதி, உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்த உணவை வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்காதீர்கள்.