ஒரு முள் இருக்கட்டும்

ஒட்டன்சத்திரத்தில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் தெற்கே பழனி மலைத்தொடர் தெரியும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது அழகு. சிறிய விமானங்களின் கருவிகளைக் கழற்றி மாட்டியே முப்பது வருஷம் ஓட்டிய எனக்கு, அது ரேடியோ அலையை மறிக்கும் சுவர்.

கோடை பண்பலை 100.5 எப்படி இத்தனை மாவட்டங்களில் கேட்கிறது? கோபுரம் மலைமேல் இருக்கிறது. விமானிக்குத் திசை சொல்லும் வி.ஓ.ஆர். நிலையம் பண்பலைக்கு அடுத்த வீடு. 108 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதன் அலையும் நேர்கோட்டில்தான் போகும். ஆனால் மதுரையின் வி.ஓ.ஆர். சமவெளியில் அல்லவா நிற்கிறது! பழனிப் பக்கம் தாழப் பறந்தால் நடுவில் மலை. முள் செத்துவிடும்.

அதற்கும் மூத்தது ஏ.டி.எஃப். இடி மேகம் வந்தால் முள் மேகத்தின் பக்கம் சாயும். எதை விட்டு விலக வேண்டுமோ அதையே கை காட்டுகிற கருவி! அதில் வானொலி நிலையத்தைப் பிடித்து கிரிக்கெட் ஸ்கோர் கேட்ட விமானிகளும் உண்டு.

ஜி.பி.எஸ். வந்தது. 2000 மே மாதம் அமெரிக்கா வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நீக்கியதும் அது நம்பகமாகிவிட்டது. அலை மேலிருந்து வருவதால் மலை மறிக்காது. எங்கள் பக்கத்துத் தொழிலதிபர் ஒருவர் தன் செஸ்னா 172-க்குத் திரை வைத்த ஜி.பி.எஸ். போடச் சொன்னார்.

"பழசு எல்லாத்தையும் கழட்டிப் போட்ருங்க. வெயிட்டாவது குறையும்."

"ஏ.டி.எஃப். போகட்டுங்க. வி.ஓ.ஆர். ஒண்ணு இருக்கட்டும்."

"மலைக்குப் பின்னாடி அது எதுக்குங்க?"

நியாயமான கேள்விதான். மலைக்கு மேலே ஏறிவிட்டால் அது வேலை செய்யும் என்றேன். ஜி.பி.எஸ்.ஸுக்கும் நம் ஊரில் ஒரு எதிரி உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. சூரியன் மறைந்த பிறகு இந்தப் பகுதியின் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பி செயற்கைக்கோள் அலையைக் குலுக்கும். சூரியப் புள்ளிகள் பெருகும் வருஷங்களில் இது அதிகம். இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து அமைத்த ககன் திட்டத்துக்குப் பெரிய தலைவலியே இதுதான். ககன் வழிகாட்டலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் கிஷன்கரில் இறங்கியது 2022 ஏப்ரலில்.

"இருட்டுல நான் பறக்கறதே இல்லீங்களே!"

"ஆன்டெனா ஒயர் பகல்லயும் அறுந்து போகுமுங்க."

சிரித்தார். ஆனால் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை. எனக்குக் கவலை அங்கேதான். நிலப்பரப்பைக் காட்டும் படத்தில், விமானத்துக்குக் கீழே 100 அடிக்குள் வரும் தரையும் அதற்கு மேல் உயர்ந்த மலையும் சிவப்பு. 1000 அடி வரை மஞ்சள். அதைப் பார்த்ததும் மேகத்துக்குள் நுழையலாம் என்று தைரியம் வருமே, அது எந்தக் கருவியிலும் வராத கோளாறு. கொடைக்கானல் ஏறக்குறைய 7000 அடி. ஐப்பசி மேகத்தில் அந்த மலையே காணாமல் போகும்.

வேலைக்கு மூன்று வாரம் பிடித்தது. கூரையில் ஆன்டெனா, பலகைக்குப் பின்னால் ஒயர், பிறகு விமானத்தை எடை போட்டு புதுக் கணக்கு, அனுமதிக் காகிதங்கள். தரவுத் தொகுப்பை 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றதும், "இது சீட்டு கட்டற மாதிரியில்ல இருக்குது" என்றார்.

வி.ஓ.ஆர். தப்பியது. ஏ.டி.எஃப். இருந்த மூன்றே அரைக்கால் அங்குல ஓட்டைக்கு நான் தகடு அடித்துக் கொடுத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அதன்மேல் பழனியாண்டவர் படம்.