வடக்கும் வலமும்

மனிதன் தன்னை நடுவாக வைத்தே உலகை அளக்கிறான் என்பது உளவியலார் பலரின் நெடுநாளைய கொள்கை. அதனை அசைத்தவர்களுள் தமிழ்க் குடியானவரும் உளர்.

1990களில் நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவகத்தைச் சார்ந்த எரிக் பெடர்சன் தமிழகத்தில் ஆய்வு நடத்தினார். ஒரு மேசையில் அடுக்கிய பொருள்களைக் காட்டி, ஆளை மறுபுறம் திருப்பி, வேறு மேசையில் அவ்வாறே அடுக்கச் சொல்வது சோதனை. நகரத்தார் பெரும்பாலும் இடம் வலம் மாறாது அடுக்கினர். நாட்டுப்புறத்தார் பெரும்பாலும் வடக்கிருந்ததை வடக்கிலேயே வைத்தனர். இருசாராருக்கும் தாய்மொழி தமிழே, வேறுபட்டது பேச்சுவழக்கு. காரணம் மொழியன்று, சூழலே என 2002இல் லி, கிளைற்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மறுத்தனர். மொழியையும் வாழ்வையும் அவ்வளவு எளிதில் பிரித்துவிடலாமா என்பது நமது ஐயம்.

வன்னியிலே "கண்டி றோட்டுக்கு மேற்காலை" என்பதே முகவரி. இரணைமடுவின் இடதுகரை வாய்க்காலில்கூட இடம் என்பது பார்ப்பவனுக்குரியதன்று, ஓடும் நீருக்குரியது!

ஆயினும், படத்தில் மரத்துக்கு வலப்புறம் நிற்பது எது என்ற வினாவுக்குக் "கிழக்காலை நிக்கிற மாடு" என்றெழுதிய நம் மாணவன் பெற்றது சுழியம். படத்திலே கிழக்கு ஏது என்றார் திருத்தியவர். பையன் இருந்த வாங்குக்குக் கிழக்கு இருந்ததே! 2009இல் கிழக்கு நோக்கி நடந்து நடந்து கடற்கரைவரை தள்ளப்பட்டவர்களின் பிள்ளை அவன்.

இடம் வலம் அவனுக்கும் வேண்டும். வரைபடமும் கேத்திரகணிதமும் அவையின்றி நடவா. ஆதலால் இப்பொழுது வகுப்பில் இரண்டையும் கேட்கிறோம். மரத்துக்கு வடக்கே எது என்றால், நகரிலிருந்து வந்த பிள்ளைகள் யன்னலைப் பார்க்கின்றனர்.