தொண்டையில் வைத்த விரல்

லால்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி. எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்த சார் ஒருநாள் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஸ்பீக், டாக், சே, டெல் என்று கரும்பலகையில் எழுதினார். நாங்கள் மனப்பாடம் பண்ணியிருந்ததோ பேசு, சொல் என்ற இரண்டே பொருள்.

"யார் பேசுறா, யார் கேக்குறான்னு பாருங்கடா. வார்த்தை தானா வரும்" என்றார்.

சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தடியில் தலைமையாசிரியர் பேசினால் அது ஸ்பீக். ஒருவர் பேச, ஊரே கேட்கிறது. அவரே சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தால் டாக். சே என்றால் சொன்ன செய்தியே போதும். டெல் என்றால் யாரிடம் என்பதும் கூடவே வரவேண்டும். கதை, பொய் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. 'ஐ டோல்ட்' என்று எவனாவது நிறுத்தினால், "யாருகிட்டடா?" என்று கேட்டு முழு வாக்கியத்தையும் வாங்காமல் விடமாட்டார்.

விஸ்பர் என்ற சொல் வந்த அன்று எல்லோரையும் தொண்டையில் விரலை வைக்கச் சொன்னார். பெயரைச் சத்தமாகச் சொன்னோம், விரலடியில் அதிர்ந்தது. அதே பெயரைப் பக்கத்துப் பையன் காதில் கிசுகிசுத்தோம், அதிர்வே இல்லை. குரல்நாண்கள் அதிராமல் வெறும் மூச்சை மட்டும் கொண்டு பேசுவதுதான் விஸ்பர். வகுப்பு முழுக்க ஆளுக்கொரு கை தொண்டையில் இருக்க, ரகசியம் பேசி மாளவில்லை எங்களுக்கு.

தாழ்ந்த குரலிலேயே இன்னும் மூன்று இருந்தன. வாயைச் சரியாகத் திறக்காமல் சொல்லை மென்று விழுங்கினால் மம்பிள். மனத்தாங்கலை அடுத்தவர் காதில் விழாதபடி முனகினால் மட்டர். மென்மையாக, விடாமல் ஒலித்தால் மர்மர். தேனீக்கும் ஓடைக்கும்கூட அது பொருந்தும். வீட்டுக்குப் போனதும் அப்பாயியைக் கவனித்தேன். வெற்றிலையை அடக்கிக்கொண்டு பதில் சொன்னால் மம்பிள். தாத்தா மேல் கோபத்தோடு அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டே பேசினால் மட்டர். தம்பியைத் தூளியில் போட்டு ஆட்டும்போது அந்தக் குரல் மர்மராகிவிடும். அன்றுவரை அப்பாயிக்கு ஒரே குரல் என்றுதான் நினைத்திருந்தேன்.

காசிப் என்ற சொல்லுக்கு சார் ஒரு வரலாறே சொன்னார். பழைய ஆங்கிலத்தில் அது ஞானஸ்நானத்தின்போது உறவாகும் ஞானப் பெற்றோரைக் குறித்த சொல். பிறகு நெருங்கிய சிநேகிதிக்கும், பேறுகாலத்தில் கூட இருக்கும் பெண்களுக்கும் ஆகிவந்து, கடைசியில் அவர்கள் பேசும் பேச்சுக்கே பெயராயிற்று. வம்பு என்று நாம் ஒதுக்கும் பேச்சுக்கு அடியில் ஒரு பிரசவ அறையின் துணை இருந்திருக்கிறது. எங்கள் தெருத் திண்ணையில் மத்தியான வேளையில் கூடிய அத்தைகளும் சித்திகளும், யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்கு மாசம் நெருங்குகிறது என்பதையும் அந்தப் பேச்சில்தான் தெரிந்துகொண்டார்கள்.

மேல்வகுப்பில் தமிழையா தொல்காப்பியம் சொல்லித்தந்தபோது இதே பாடம் வேறு வாசல் வழியாக வந்தது. ஒரு பொருளைத் தரும்படி கேட்கிறவன் தாழ்ந்தவன் என்றால் ஈ, ஒத்தவன் என்றால் தா, உயர்ந்தவன் என்றால் கொடு. கேட்கும் பொருள் ஒன்றுதான். இருவருக்கும் இடையே உள்ள உறவு சொல்லைத் தேர்கிறது. சார் கரும்பலகையில் காட்டியதும் அதைத்தான்.

இன்று பிள்ளைகளுக்கு ஒரு சொல்லுக்குப் பத்து இணைச்சொற்கள் என்று பட்டியல் கொடுக்கிறார்கள். பட்டியல் பரீட்சைக்கு உதவும். யார் யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்று கேட்கப் பழகிய பிள்ளைக்கோ இரண்டு மொழியும் சேர்ந்து வரும். அதோடு, வீட்டில் உள்ளவர்களின் குரலும் அதற்கு விளங்கத் தொடங்கும்.