சொல்லிட்டுப் போறதும் சொல்லாமப் போறதும்

எங்க பக்கம் வெளியூர் கிளம்புறவங்க "போறேன்"னு சொன்னா அப்பத்தா விடாது. "போயிட்டு வர்றேன்னு சொல்லுடா"ன்னு திருத்தும். ஆனா திரும்பி வராத போக்கும் சிலது இருக்கே. அதைப் பத்தித்தான் இன்னைக்கு.

2024 டிசம்பர் 18. பிரிஸ்பேன் டெஸ்ட் டிராவில் முடிந்ததும், அந்த மேட்சில் ஆடாத அஸ்வின், ரோகித் சர்மா பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வை அறிவித்தார். 106 டெஸ்ட், 537 விக்கெட். தொடரில் இன்னும் இரண்டு டெஸ்ட் பாக்கி. மறுநாளே சென்னையில் இறங்கிட்டார். டீக்கடையில் ஒரே சண்டை. "சேப்பாக்கத்துல ஒரு மேட்ச் குடுத்து மாலை போட்டு அனுப்ப வேணாமா?"ன்னு பசங்க கேட்டாங்க. சச்சினுக்கு 2013-ல் வான்கடேயில் 200-வது டெஸ்ட் ஆட வைத்து அனுப்பினாங்கதான். எனக்கென்னமோ அஸ்வின் செஞ்சது பிடிச்சிருந்துச்சு. அறுப்பு முடிஞ்சதும் அருவாளைக் கழுவி எரவாணத்துல சொருகிட்டுப் போற மாதிரி.

அரசியலில் அப்படிப் போனவர் காமராஜர். ஒன்பது வருசத்துக்கு மேல் முதலமைச்சராக இருந்தவர், கட்சி வேலை பார்க்கணும்னு 1963 அக்டோபர் 2-ல் தானாகவே நாற்காலியை விட்டார். யாரும் தள்ளலை. அதே மனுசனை 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்கடிச்சாங்க. ஜெயித்த பெ.சீனிவாசன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வளர்ந்த மாணவர் தலைவர். காலேஜை விட்டு வந்த ஒருத்தருக்கு வாசல் திறந்த அன்னைக்குத்தான் பெரியவருக்கு அடைச்சது. 1975-ல், அதே அக்டோபர் 2-ல் காலமானார்.

மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக் கக்கனும் அந்த 1967-ல்தான் தோத்தார். பத்து வருசம் மந்திரியா இருந்தவர், அப்புறம் டவுன் பஸ்ல போய் வந்தார். இந்தக் காலத்துல கவுன்சிலரே கார்ல இருந்து இறங்குறதில்ல, அது கிடக்கட்டும்.

விவசாயி ஓய்வு பெறுவதை யாரும் அறிவிக்கிறதில்லை. எங்க ஊர் கண்மாய்ப் பாசனம், வருசத்துக்கு ஒரு போகம். ஒரு புரட்டாசியில் விதைக்காம விட்டா, உடம்பு சரியில்லை போலன்னு நினைப்பாங்க. அடுத்த வருசமும் விட்டா வயலில் சீமைக்கருவேலம் இடுப்பளவு நிக்கும். அப்பத்தான் ஊருக்கே தெரியும், அவர் விட்டுட்டார்னு. என் வயலுக்கு மேல்பக்கம் மூணு வயல் அப்படித்தான் கிடக்கு. சொந்தக்காரங்க யாரும் எங்கிட்ட சொல்லலை. நானும் கேக்கலை.

என் மகள் இந்த வருசம் காரைக்குடியில் பி.எஸ்சி. முடிச்சிட்டா. கடைசி நாள் ஒரு வெள்ளைச் சட்டை நெறைய கூட்டாளிகள் பேரெழுதி வாங்கிட்டு வந்து, அதைத் துவைக்கக் கூடாதுன்னு அவ அம்மாகிட்ட சண்டை. ஓசூர் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. போன மாசித் தெப்பத்தில் குளக்கரையில் இருந்து விளக்கு எடுத்து வந்து சாமி மாடத்தில் வச்சதே இதுக்குத்தான். பெருமாள் கேட்டதைக் குடுத்துட்டார். ராத்திரி சோறு இறங்க மாட்டேங்குதுன்னு அவர்கிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?

வர்ற மாசிக்கு அந்த விளக்கைக் கொண்டுபோய் ஏத்தணும். "லீவு கிடைச்சா வர்றேம்ப்பா"ங்கிறா. "நீங்க எப்பப்பா வயலை விடப் போறீங்க?"ன்னும் கேட்டா. கண்மாய்க்குத் தண்ணி வந்தா இந்த வருசம் விதைப்பேன்னு சொன்னேன். அடுத்த வருசத்தைப் பத்தி அவளும் கேக்கலை.